தேய்வதும் ஒடிவதும்

என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாக்கத்தி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. வாங்கிய காலத்தில் அதன் அலகு சுண்டுவிரல் அகலம் இருந்ததென்று அவர் சொல்லுவார். அந்த அலகு சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து இன்று பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. கொம்பினால் செய்த பிடியின் ஒரு பக்கம் அவருடைய பெருவிரல் பட்டுப்பட்டுக் குழிந்திருக்கிறது. ஆயினும், நகத்தைக் கொடுத்து இழுத்தால் ‘டக்’கென்று நிமிர்ந்து நிற்பதில் அது இன்றுவரை தவறியதில்லை. அதே மேஜையின் இழுப்பறையில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே வாங்கிய பல்கருவி ஒன்று, குறட்டையும் திருப்புளியையும் அரத்தையும் ரம்பத்தையும் தன்னுள் மடக்கி வைத்துக்கொண்டு, வாங்கிய நாளில் இருந்தது போலவே பளபளப்பாகக் கிடக்கிறது; குறட்டின் மூக்கு நுனி ஒன்று மட்டும் ஒடிந்து போயிற்று. இவ்விரண்டில் நெடுநாள் உழைப்பது எது, அன்றாடக் காரியங்களுக்கு அதிகப் பிரயோஜனமாவது எது என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர்கள் எஃகின் ரகத்தையும் உத்தரவாதக் காலத்தையும் கருவிகளின் எண்ணிக்கையையும் சொல்லுகிறார்கள். பாதியாகத் தேய்ந்தும் வேலை செய்கிற பொருளை உறுதியானது என்பதா, தேயாமலே ஒடிந்த பொருளை உறுதியானது என்பதா என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை.

பேனாக்கத்தி என்ற பெயருக்குள்ளேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. உலோக முள் வழக்கத்துக்கு வருமுன், ஐரோப்பாவில் பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், நுனி மழுங்குந்தோறும் அதைச் சீவிக்கொள்ள வேண்டியிருந்தமையால், எழுதுகிறவன் கையருகே சிறு கத்தி ஒன்று எப்போதும் இருந்தது. இறகு போன பின்னும் கத்தி நிலைத்தது, பெயரும் நிலைத்தது. ஆங்கிலத்திலிருந்து அந்தப் பெயரைப் பெற்றுக்கொண்ட நம்மவர்களுக்கு, எழுதுகோலையும் கத்தியையும் ஒருசேர நினைப்பது புதுமையாக இருந்திராது. ஏட்டுச்சுவடிக் காலத்து மடக்கெழுத்தாணியில், ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலையை வாரி நறுக்குகிற கத்தியுமாக அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். இது இரண்டே உறுப்புள்ள ஒரு பல்கருவிதான். ஆனால் அதன் இரண்டு உறுப்புகளும் ஒரே தொழிலைச் சேர்ந்தவை, ஒருவன் ஒரே மணி நேரத்தில் மாற்றி மாற்றி எடுப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் நகரத்து பிட்ஸ்வில்லியம் மியூசியத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கணிக்கப்பட்ட ரோமானியக் கருவி ஒன்று இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, குத்தூசி, தட்டைக் கரண்டி, கத்தி முதலியவை ஒரே வெள்ளிச் சட்டத்தில் மடங்கும்படி செய்த அந்தப் பண்டமும் உண்பவன் ஒருவனுடைய தேவைகளையே தொகுத்தது. வெள்ளி உறுப்புகளெல்லாம் ஏறக்குறைய முழுமையாகவே இருக்க, இரும்பில் செய்த அலகு மட்டும் துருவால் அரிக்கப்பட்டுப் போயிருக்கிறது. வெட்டுகிற உறுப்புக்குத்தான் ஆயுள் குறைவு என்ற உண்மை பழமையானது.

ஒற்றை அலகுக் கத்திகளில், என் அபிப்பிராயத்தில், ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது பிரான்சு தேசத்தின் சவாய் மலைநாட்டில் பிறந்த ஒப்பினெல். கோடரியும் அரிவாளும் அடித்துக் கொடுத்துவந்த கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், 1890இல், குடியானவர்களின் சட்டைப் பைக்கென்று ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்து விற்றார். 1909இல், தம் வட்டாரத் தலைநகரான சேன் ழான் த மோரியன் பட்டணத்தின் சின்னத்திலுள்ள ஆசீர்வதிக்கும் கையை எடுத்து, அதன்மேல் ஒரு கிரீடம் வைத்து, தம் முத்திரையாகப் பொறித்துக்கொண்டார். இந்தக் கத்தியின் அமைப்பைச் சொல்ல அதிகச் சொற்கள் வேண்டியதில்லை. பீச் மரத்துண்டு ஒன்று, அதில் அறுத்த ஒரு பள்ளம், ஓர் அலகு, அலகையும் மரத்தையும் கோக்கும் ஓர் ஆணி, தலைப்பில் ஓர் இரும்பு வளையம், இவ்வளவே. 1955இல் மார்செல் ஒப்பினெல் அந்த வளையத்தின்மேல் சுழலும் இன்னொரு வளையத்தைப் பொருத்தினார். விரித்த பின் அதை ஒரு திருகு திருகினால் அலகு பின்வாங்கி விரலை வெட்டாது. அதிகமாகப் புழங்குகிற 8ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம். கத்தி முழுவதுமே 50 கிராமுக்கு உட்பட்டது.

இதில் ஸ்பிரிங் கிடையாது என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். ஸ்பிரிங் இல்லாத இடத்தில் ஸ்பிரிங் தளர்வதும் இல்லை. அதற்குப் பதிலாக, மரம் என்ற உயிர்ப்பொருளின் குணதோஷங்கள் எல்லாம் வந்து சேருகின்றன. மழைக்காலத்தில் பிடி நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அலகு பள்ளத்தில் இறுகிவிடும். நகம் உடைந்தாலும் திறவாது. சவாய் நாட்டுக் குடியானவர் அப்போது நகத்தை நம்பாமல், பிடியின் பின்மண்டையை ஒரு கல்லின்மேலோ மேஜை விளிம்பின்மேலோ ஒரு தட்டுத் தட்டுவார். அலகின் முனை மெல்ல வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு விரலால் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் நனைந்த என் சொந்தக் கத்தியை இந்த முறையில் திறந்திருக்கிறேன். பிறகு நிழலில் இரண்டு நாள் உலரவைத்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுப் பிடியின் உள்ளும் புறமும் தேய்த்துவைத்ததில், அடுத்த மழைக்கு அது அவ்வளவு முரண்டு செய்யவில்லை. அதன் கரி எஃகு அலகு எலுமிச்சம்பழத்தையோ மாங்காயையோ ஒரு முறை நறுக்கினாலே கறுத்துப்போகும். துடையாமல் வைத்தால் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தெரியும். ஆனால் அதே எஃகு, ஒரு சாதாரணக் கல்லில் ஐந்து நிமிஷம் தீட்டினால் தாளைக் காற்றில் பிடித்து அறுக்கிற கூரைப் பெற்றுவிடும். கெடுவதும் எளிது, செப்பனிடுவதும் எளிது. செப்பனிடும் அதிகாரம் முழுவதும் உடையவன் கையிலேயே இருக்கிறது.

இந்த எளிமைக்கும் பல்கருவியின் சிக்கலுக்கும் நடுவே நிற்பது சுவிட்சர்லாந்துக் கத்தி. ஷ்விஸ் மாகாணத்து இபாக் என்ற ஊரில் 1884இல் கத்திப்பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891இல் தம் நாட்டுப் பட்டாளத்துக்கு முதன்முதலாகக் கத்திகளைக் கொடுத்தார். அதுவரை அந்தச் சிப்பாய்க் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. தம் தேசத்துச் சிப்பாய்களுக்கு வேண்டியதைத் தம் தேசமே செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தினால் அவர் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தும் கைவிடவில்லை. அந்தக் கத்தியில் இருந்தவை நான்கே: அலகு, குத்தூசி, தகர டப்பா திறப்பான், திருப்புளி. டப்பா திறப்பான் சிப்பாயின் உணவுக்கு. திருப்புளி 1889ஆம் வருஷத்து மாதிரித் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதற்கு. மடக்கெழுத்தாணியைப் போலவே இதுவும் ஒரு தொழிலின் கருவிகளை மட்டும் தொகுத்தது. 1897 ஜூன் 12ஆம் தேதி அவர் பதிவு செய்துகொண்ட அதிகாரிகளின் கத்தியில் இரண்டாவது சிறு அலகும் தக்கைத் திருகும் சேர்ந்தன. அதன் விசேஷம் எண்ணிக்கையில் இல்லை. இரண்டே ஸ்பிரிங்குகளை வைத்துக்கொண்டு, அவற்றின் இருபுறமும் ஆறு கருவிகள் இயங்கும்படி அமைத்த சாமர்த்தியத்தில் இருக்கிறது. கனமும் தடிமனும் ஏறாமல் உபயோகம் ஏறியது. 1909இல் காலமான தாயார் விக்டோரியாவின் பெயரையும், 1921இல் வந்துசேர்ந்த துருவேறா எஃகின் பிரெஞ்சுக் குறியீடான ‘இனாக்ஸ்’ என்ற சொல்லையும் இணைத்துப் பிறந்ததே விக்டோரிநாக்ஸ் என்ற பெயர்.

ஒரே கத்திக்குள் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே பதம் ஏற்றக் கூடாது என்பதை இந்தப் பட்டறை கண்டுகொண்டது ஒரு முக்கியமான விஷயம். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அலகுகளுக்கு 56, ரம்பத்துக்கும் கத்தரிக்கும் 53, திருப்புளிக்கும் டப்பா திறப்பானுக்கும் 52, ஸ்பிரிங்குக்கும் தக்கைத் திருகுக்கும் 49 என்று அவர்கள் வகுத்திருக்கிறார்கள். கூர் நிற்க வேண்டிய இடத்தில் கடினம் வேண்டும். முறுக்குத் தாங்க வேண்டிய இடத்தில் சற்றே இளக்கம் வேண்டும். கடினமும் இளக்கமும் ஒரே எஃகில் ஒரே அளவில் சேர்ந்திருக்க இயலாது என்பது நம் ஊர்க் கொல்லருலைகளிலும் தெரிந்த சங்கதிதான்; உளியின் வாய்க்கு ஏற்றும் பதத்தை உளியின் தலைக்கு ஏற்ற மாட்டார்கள். அலகின் எண்ணும் 56க்கு மேல் போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்னும் கடினமாக்கினால் கூர் நீடிக்கும். ஆனால் வீட்டில் இருக்கிற கல்லில் தீட்டுவது சிரமமாகிவிடும். தீட்டுகிற மனிதனை நினைத்துப் பதம் ஏற்றியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறட்டை நடுநாயகமாக வைத்துப் பிறந்த பல்கருவியின் கதை 1975இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மன் என்ற இயந்திரப் பொறியாளர், பழைய பியட் கார் ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு, மனைவியுடன் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பிரயாணம் செய்தார். வழியெல்லாம் கார் மக்கர் செய்தது; தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. பையில் இருந்த சாரணர் கத்தியால் வெட்டவும் திருகவும் முடிந்தது. இறுகப் பிடிக்க மட்டும் முடியவில்லை. கத்திக்குள் ஒரு குறடு இருந்தால் என்ன என்ற எண்ணம் அந்த இடத்தில் தோன்றியது. ஊர் திரும்பி, மாதிரி செய்து, 1980இல் காப்புரிமை பெற்று, கம்பெனி கம்பெனியாக எடுத்துக்காட்டி மறுக்கப்பட்டு, கடைசியில் ஒரு நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, 1983இல்தான் அவரால் முதல் கருவியை விற்க முடிந்தது. எண்ணத்துக்கும் பண்டத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள்! சுவிட்சர்லாந்துக்காரர் கத்தியில் தொடங்கிக் கருவிகளைச் சேர்த்தார். இவர் குறட்டில் தொடங்கி, அதன் இரண்டு கைப்பிடிகளையும் குடைந்து, மற்றக் கருவிகளை உள்ளே வைத்தார். அந்த முதல் மாதிரியில் கத்தி வேண்டுமென்றாலும் கைப்பிடிகளைப் பிரித்தாக வேண்டும். குறட்டை இறுக்கினால், மடித்த தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து வலிக்கும். 1998இல் வந்த ‘வேவ்’ என்ற மாதிரியில் அலகுகள் வெளிப்புறத்துக்கு வந்து ஒரு கையாலேயே திறக்கலாயின.

இவற்றின் ஆயுளை ஒப்பிடும்போது மூட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மடக்குகிற கருவி எதற்கும் மூட்டே பலவீனமான இடம். சட்டைப் பையின் பஞ்சுத்தூசு, கடற்கரை மணல், மாம்பழச் சாறு, வியர்வையின் உப்பு ஆகிய எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. ஒரு மூட்டுள்ள கத்தியை வெந்நீரில் அலசித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. பல்கருவியில் பத்துப் பன்னிரண்டு உறுப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, மிஞ்சிய எண்ணெயில் மறுபடி மணல் ஒட்டாதபடி துடைக்க வேண்டும். துருவேறா எஃகு என்ற பெயரை நம்பி, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நான்கு நாள் என் பல்கருவியைத் துடையாமல் வைத்திருந்தேன். அலகில் ஒரு மறுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூட்டுக்குள் மட்டும் செந்நிறத் துரு இறங்கி, அரம் திறக்க மறுத்துவிட்டது. துருவேறா எஃகு துருவைத் தாமதப்படுத்துகிறது என்பதே பொருள்; உப்புநீர் தங்குகிற இடுக்கில் அந்தத் தாமதமும் அதிகம் இல்லை.

குறட்டின் நுனி ஒடிந்த கதையும் இதைச் சேர்ந்ததே. சைக்கிள் பெல்லின் திருகாணி ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது, குறட்டின் கூர்மூக்கால் அதைப் பற்றி முறுக்கினேன், ‘சடக்’கென்று ஒரு சத்தம், ஆணி அசையவில்லை, மூக்கு நுனி தரையில் கிடந்தது. கூர்மூக்குக் குறடு இறுக்கிப் பிடிப்பதைத் தாங்கும், பக்கவாட்டு முறுக்கைத் தாங்காது என்பது எனக்குத் தெரியாமற்போனது கருவியின் குற்றமாகாது. ஆனால் தனிக் குறடாக இருந்திருந்தால் சந்தையில் இன்னொன்று வாங்கியிருப்பேன். இங்கே ஒடிந்த நுனியுடன் சேர்ந்து, பழுதில்லாத பத்து உறுப்புகளும் இழுப்பறைக்குப் போய்விட்டன. ஓர் உறுப்பின் விதி மற்றவற்றையும் பற்றுவது பல்கருவிக்கே உரிய கஷ்டம். பல வருஷ உத்தரவாதம் தருகிறவர்கள் மாற்றிக் கொடுக்கத்தான் செய்வார்கள், ஆனால் அது கடல் கடந்து அனுப்பிக் காத்திருக்கும் காரியம்.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சக்கரம் பூட்டி வருகிற சாணைக்காரர் ஒருவர் உண்டு. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மிதியை மிதித்தால், முன்னால் கல் சுழலும். ஒரு நாள் தந்தையாரின் கத்தியையும் என் பல்கருவியையும் சேர்த்துக் கொடுத்தேன். கத்தியை வாங்கிக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, பெருவிரலை அலகின் குறுக்கே வைத்துப் பார்த்து, பிசிரைத் தோலில் தேய்த்து எடுத்து, ஒரு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். பல்கருவியின் அலகில் பாதி நேராகவும் பாதி ரம்பம்போல் பல் வைத்தும் இருந்தது. இரண்டு மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் பல்லு வச்ச இடத்துல நம்ம கல்லு ஏறாது சார், ஏத்தினா பல்லு போயிடும். இது தீட்டறதுக்கு செஞ்ச கத்தி இல்ல” என்றார். எஃகைப் பற்றிய விளம்பரங்கள் பலவற்றைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் உணர்த்தியது. வாங்குகிறவர்கள் பல் வைக்காத நேர் அலகையே கேட்டு வாங்கவேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அன்றிலிருந்துதான்.

பல்கருவியின் பெருமைக்கும் குறைக்கும் ஒருங்கே சாட்சியான ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாறை இடுக்கு ஒன்றில், ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறியின் வலக்கை, உருண்டுவந்த பாறைக்கும் சுவருக்கும் இடையே நசுங்கிச் சிக்கிக்கொண்டது. அவரிடம் இருந்தது மலிவான ஒரு பல்கருவி. முதல் நாட்களில் பாறையைச் சுரண்டிப் பார்த்ததில் அதன் பெரிய அலகு மழுங்கிவிட்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு, வேறு கதியில்லாமல், கையின் எலும்புகளைத் தாமே முறித்துக்கொண்டு, மழுங்காத சிறிய அலகால் தசையை அறுத்து, அலகுக்கு இணங்காத நரம்புநார்களைக் குறட்டால் துண்டித்து, உயிருடன் வெளியேறினார். இரண்டாவது அலகும் குறடும் இல்லாதிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகமே. நல்ல எஃகில் செய்த கூரிய அலகு இருந்திருந்தால் அந்த வேதனையில் ஒரு பங்காவது குறைந்திருக்கும் என்பதும் மறுக்க முடியாதது. ஆபத்துக் காலத்தின் நியாயம் பல்கருவியின் பக்கமே இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளுகிறேன்.

ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி ஆபத்துக் காலமாக இருப்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாத காலம், பையிலிருந்து கத்தியையோ கருவியையோ எடுக்க நேர்ந்த சமயங்களையெல்லாம் ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தேன். பார்சலின் மேல் ஒட்டிய டேப்பு, அரிசி மூட்டையின் தையல் நூல், கொய்யாப்பழம், பேரனின் பென்சில், வாழைப்பழச் சீப்பின் காம்பு, மாத்திரை அட்டை, செருப்பின் வார், பூச்செடியைக் கட்டிய சணல் என்று பக்கங்கள் நிறைந்தன. ஏறக்குறைய எல்லாமே வெட்டுகிற காரியங்கள். திருப்புளி தேவைப்பட்டது மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பி கழன்றபோதும், சுவிட்சுப் பெட்டியின் மூடி ஆடியபோதும். குறடு தேவைப்பட்டது ஒரே ஒரு நாள். அன்று அது இல்லாவிட்டால் குழாயை மூடியிருக்க முடியாது. பட்டறையிலோ மின்சார வேலையிலோ இருக்கிறவருடைய நோட்டு வேறு விதமாக இருக்கும் என்பதை நான் மறக்கவில்லை.

கனத்தின் சங்கதியும் இதனுடன் பின்னியிருக்கிறது. நாலைந்து கத்தி எடையுள்ள 241 கிராம் வேவ் கருவியைச் சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். இடுப்பு வாரில் உறை போட்டு மாட்டவேண்டும். வீட்டில் வேட்டியுடன் இருக்கிற நேரத்தில் அது ஆணியில்தான் தொங்கும். எடுக்க நினைக்கும் நேரத்தில் அடுத்த அறையில் இருக்கிற கருவி, எத்தனை உறுப்புகளைப் பெற்றிருந்தாலும், அந்த வேளைக்கு இல்லாத கருவியே. சட்டமும் சிறிய கத்தியின் பக்கமே சற்றுச் சாய்கிறது. பிரிட்டனில் 1988ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். அலகு பூட்டிக்கொள்ளும் அமைப்புள்ளதாக இருந்தால் அந்தச் சலுகை இல்லை. பூட்டு விரலுக்குப் பாதுகாப்பு. அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அதுவே சந்தேகத்துக்கு இடமாகிறது. நம் நாட்டு ஆகாய விமானங்களில் இரண்டையுமே கையோடு கொண்டு ஏற முடியாது. பெட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்து, தினந்தோறும் பையில் இருக்கவேண்டியது ஒற்றை அலகுக் கத்தி, அல்லது மெல்லிய சுவிட்சர்லாந்துக் கத்தி; சைக்கிள் பையிலோ காரிலோ பிரயாணப் பெட்டியிலோ இருக்கவேண்டியது பல்கருவி என்றே நான் நிர்ணயம் செய்துகொண்டிருக்கிறேன். படிப்புக்காக வெளியூர் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அலகு, திருப்புளி, டப்பா திறப்பான், குத்தூசி ஆகியவற்றுடன் நிற்கிற கத்தியை வாங்கிக் கொடுப்பேன். முப்பத்துமூன்று வேலை செய்வதாகச் சொல்லும் தடித்த கத்தியை வாங்கிக் கொடுக்க மாட்டேன். பல்கருவி செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. இப்போது வருகிற சில மாதிரிகளில், கம்பி வெட்டுகிற வாய்கள் இரண்டும் சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கின்றன; கடினமான கம்பியை வெட்டி வாய் பல்லுப்போனால், அதை மட்டும் கழற்றிப் புதியது மாட்டிக்கொள்ளலாம். இதே முறை மூக்கு நுனிக்கும் வருமானால் என் இழுப்பறைக் கருவி போன்றவை மறுபடி வேலைக்கு வரும்.

தந்தையாரின் கத்தியில் இப்படி ஒரு சங்கடம் முன்பே வந்ததுண்டு. அலகு தேய்ந்து ஒடுங்கியதனால், மடக்கிய நிலையில் அதன் முனை பிடிக்கு வெளியே அரிசி மணியளவு தலைநீட்டி, சட்டைப் பையைக் கிழிக்கத் தொடங்கியது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. எங்கள் ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோனார். கொல்லர் அதைக் கையில் வாங்கி இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார், அலகின் அடியில், மடங்கும்போது ஸ்பிரிங்கில் போய் உட்காருகிற மேட்டை, சிறு அரத்தால் மூன்று இழுப்பு இழுத்தார், மறுபடி மூடினார். முனை உள்ளே போய்விட்டது. கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவர் வெற்றிலைக் காம்பு கிள்ள அந்தக் கத்தியையே கேட்டு வாங்கிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.